சிறு காயம் என்று சொன்னார்கள்

வெற்றிலை என்றால் என்னவென்று வழிகாட்டிப் பெண் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

இடம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன். தெருவெங்கும் தீபாவளிக்கு விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த காலம். என் சட்டையில் பெயர் எழுதிய வில்லை, காதில் ஒரு கருவி. கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற வழிகாட்டியின் குரல் அந்தக் கருவிக்குள் கரகரத்து வந்தது. கருவி இல்லாமலும் கேட்டது. இரண்டும் ஒன்றாகக் கேட்டதில் தலைவலிதான் மிச்சம்.

அப்போது நான் வேலை பார்த்த தமிழ் வார இதழின் அலுவலகம் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக எனக்கு மதியச் சாப்பாடு, தேநீர், செய்தி எல்லாம் அந்தத் தெருக்களில்தான். அந்தத் தெருவையே எனக்குச் சுற்றிக் காட்டினார்கள்.

பூக்கடை சாந்தி மாலை கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்னக்கா, டூரிஸ்ட் ஆயிட்டீங்களா?”

“கோர்ஸ்ல இருக்கேன்.”

“என்ன கோர்ஸ்?”

“ரிப்போர்ட்டர் வேலை எப்படிப் பாக்குறதுன்னு.”

“அப்ப இத்தன நாளா என்னக்கா பாத்தீங்க?”

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மஞ்சள் தாள் பாடம்

‘சிங்கப்பூரில் செய்தியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்களா?’ என்று சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கொடுப்பார்கள் ஐயா. பயிற்சிக்கு மட்டும் இங்கே குறைச்சலே இல்லை.

அது வட்டாரச் செய்தியாளர்களுக்கான திறன் மேம்பாட்டுப் பயிலரங்கு. ஓர் அறநிறுவனம் நகர மையத்தில் ஒரு ஹோட்டலில் நடத்தியது. மலேசியா, இந்தோனேசியா, இலங்கை, தமிழ்நாடு என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் ஆசிரியர் என்னை அனுப்பும்போது, “சும்மா போயிட்டு வா தமயந்தி, சாப்பாடு நல்லா இருக்கும்,” என்றார். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

‘வட்டாரம்’ என்ற சொல்லுக்கு இந்த ஊரில் இரண்டு பொருள். ஒன்று, அக்கம்பக்கத்து நாடுகள். இன்னொன்று, ஆங்கிலத்தில் எழுதாத யாரும். இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பஸ்ஸில் ஏற்றும்போது தெரிந்துவிடும்.

பயிற்றுநர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். செய்தி எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டு அதைச் சொல்லித்தருவதில் இறங்கியவர். முதல் நாள் எல்லாருக்கும் மஞ்சள் தாள் கொடுத்து, ‘உங்கள் உண்மையை’ எழுதச் சொன்னார். எழுதினோம். சுவரில் ஒட்டச் சொன்னார். ஒட்டினோம். பிறகு எல்லாரும் நின்று சுவரைப் பார்த்தோம். அவர் சுவரைப் படம் எடுத்துக்கொண்டார். மாலையில் ஹோட்டல் ஊழியர்கள் எங்கள் உண்மைகளைக் குப்பைப் பையில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இரண்டாம் நாள் தலைப்பு ‘அணுகல்’. பெரிய நிறுவனங்களையும் அதிகாரிகளையும் செய்தியாளர் எப்படி நெருங்குவது என்பது பாடம். அணுகல் என்பது உறவு என்றார். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புங்கள், சிரித்த முகமாக இருங்கள், நிறுவனப் பேச்சாளர்களும் மனிதர்கள்தான் என்றார்.

அப்போது எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது.

முருகானந்தம். புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கியில் ஒரு நாளிதழின் தாலுகா நிருபர். ஐம்பதை நெருங்கும் வயது, நன்றாக முறுக்கிய மீசை. முதல் வெளிநாட்டுப் பயணம். ஹோட்டல் லிஃப்டுக்குள் நின்று படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். பெயர் வில்லையைத் தூங்கும்போதும் கழற்றவில்லை என்று அவரே சொன்னார். மற்றவர் பேசுவதையெல்லாம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லி நச்சரித்ததால், இந்த மனிதரிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“கேட்டைச் சாத்திட்டா என்ன பண்றதுன்னு கேளுங்க மேடம்.”

கேட்டேன்.

“எந்த கேட்?” என்றார் பயிற்றுநர்.

“எல்லா கேட்டுந்தான்.”

நல்ல கேள்வி என்று பயிற்றுநர் பாராட்டினார். அதை ஒரு மஞ்சள் தாளில் எழுதி, ‘பார்க்கிங்’ என்று தலைப்பிட்ட ஒரு பலகையில் ஒட்டினார். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விகளை நிறுத்திவைக்கும் இடம் அது. ஏற்கெனவே பலகையில் இடமில்லாமல் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன.

இரண்டு பஸ்

மூன்றாம் நாள் தளப் பார்வை. ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் தன் தளத்தைச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. பயிலரங்கின் புரவலரும் அவர்கள்தான். பெயர் வேண்டாம்.

பார்வைக்கு முந்தைய நாள் அந்தத் தளத்தில் சாரம் சரிந்து ஒரு தொழிலாளி விழுந்தார். வானொலியில் ஒரே ஒரு வரி வந்தது. உடனே தளப் பார்வை ரத்தாகி, அதே நேரத்தில் நிறுவன அலுவலகத்தில் செய்தியாளர் சந்திப்பு என்று மாறியது. எனக்குள் இருந்த பழைய சுறுசுறுப்பு எழுந்து உட்கார்ந்தது. பயிலரங்குக்கு வந்த இடத்தில் ஒரு நிஜமான செய்தி.

காலையில் ஹோட்டல் வாசலில் இரண்டு பஸ் நின்றன. ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் முதல் பஸ்ஸில் ஏறினார்கள். எங்களை இரண்டாவதில் ஏறச் சொன்னார்கள். அது லிட்டில் இந்தியாவுக்கு, பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டும் மரபு நடை.

பயிலரங்கின் ஒருங்கிணைப்பாளர் ஷர்மிளா, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். முப்பது வயது இருக்கலாம். இந்த ஊர்க்காரர்கள் பேச்சில் ஒட்டிவரும் ‘லா’ அவளிடமும் உண்டு. அவளிடம் போனேன்.

“ஏன் ஷர்மிளா, நாங்க அந்த பிரீஃபிங்குக்குப் போகக்கூடாதா?”

“கோவப்படாதீங்க லா அக்கா. சீட் லிமிட்டட். பிரீஃபிங் ஃபுல்லா இங்கிலீஷ்ல. உங்களுக்கு ரிலீஸ் தமிழ்லயே வந்துரும். நீங்க டிரான்ஸ்லேட்கூட பண்ண வேணாம்.”

“எனக்கு இங்கிலீஷ் தெரியும்மா.”

“தெரியும்கா. லிஸ்ட் அவங்க போட்டது.”

தமிழ்ச் செய்தியாளர் என்றால் மொழிபெயர்ப்பாளர் என்ற எண்ணம் இந்த ஊரில் புதிதல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வங்கியின் செய்தியாளர் கூட்டத்துக்குப் போனேன். வாசலில் இருந்த அம்மா என் அட்டையைப் பார்த்துவிட்டு ஓர் உறையை நீட்டி, ‘எல்லாம் இதிலேயே இருக்கிறது, நீங்கள் போகலாம்’ என்றார். கூட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. நான் போகவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள். அங்கிருந்தே கேள்வி கேட்டேன். யார் கேட்டதென்று மேடைக்குத் தெரியவில்லை. அதனால் பதில் சொல்லிவிட்டார்கள்.

இன்னும் பின்னால் போகிறேன். என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே யாருக்காவது அடிபட்டால் எங்கள் வரிசை வீடுகளுக்குத்தான் முதலில் தெரியும். ஒருமுறை அடுத்த வீட்டு மாணிக்கம் மாமாவின் வலது கை விரல்கள் போயின. மறுநாள் பேப்பரில் ‘லேசான விபத்து’ என்று வந்தது. மாமி அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, “எது லேசு? எது லேசு?” என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார். நான் அப்போது பள்ளிச் சீருடையில் வாசலில் நின்றிருந்தேன்.

அறந்தாங்கியிலிருந்து ஓர் அழைப்பு

கேம்பல் லேனுக்கு வருகிறேன். வழிகாட்டி வெற்றிலையை முடித்துவிட்டு மஞ்சளுக்கு வந்திருந்தாள். முருகானந்தத்தின் கைபேசி அடித்தது. தள்ளிப்போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது மீசைக்குக் கீழே உதடு வறண்டிருந்தது.

“எங்க பக்கத்து ஊர்ப் பொண்ணு மேடம். செல்வின்னு பேரு. வீட்டுக்காரரு பாண்டியன், இங்கதான் வேலை பாக்குறாரு. நேத்துலேர்ந்து போன் ஸ்விட்ச் ஆஃப். ஏஜென்ட்டைக் கேட்டா கால் சுளுக்குங்கிறானாம். கூடத் தங்கியிருக்கிற பையன் ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு, பயந்துபோய் போனை வச்சுட்டானாம்.”

“உங்க நம்பர் எப்படித் தெரியும்?”

“லிஃப்ட் போட்டோவைப் பாத்திருக்கு. நிருபர் சிங்கப்பூர்லதான இருக்காருன்னு கேட்டு வாங்கியிருக்கு.”

“எந்தக் கம்பெனின்னு கேளுங்க சார்.”

கேட்டார். அந்தப் பெயர் என் சட்டை வில்லையின் அடியில், ‘ஆதரவு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்தது.

காதுக் கருவிகளைத் திருப்பிக் கொடுத்தோம். இன்னும் கோயிலுக்குப் போகவில்லையே என்றாள் வழிகாட்டி. கோயில் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும் என்றேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

டாக்ஸியில் போகும்போதே அந்த அறைத்தோழரைப் பிடித்து, எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று முருகானந்தம் கேட்டு வாங்கினார். மருத்துவமனைக்குள் செய்தியாளரை விட மாட்டார்கள் என்று நான் சொன்னேன்.

“நான் மொதல்ல ஊர்க்காரன் மேடம். அந்தப் பொண்ணு பாத்துட்டு வரச் சொல்லிருக்கு. பாப்போம். எழுதுறது அவங்க ரெண்டு பேரும் சரின்னாத்தான்.”

அணுகல் பற்றி அந்த வாரம் நான் கேட்ட உருப்படியான பேச்சு அதுதான்.

“காலைக் காட்டுங்க”

பாண்டியன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. வலது தொடையில் சதைக்கு வெளியே கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“தம்பி, நான் முருகானந்தம், அறந்தாங்கி நிருபர். செல்வி சொல்லி வந்திருக்கோம்.”

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, “அவளுக்குத் தெரிஞ்சிருச்சா?” என்றார்.

“உங்க போன் எங்க?”

“சார்ஜ் போட்டுத் தர்றேன்னு சூப்பர்வைசர் வாங்கிட்டுப் போனாருங்க. ரெஸ்ட் எடு, வீட்டுக்கு நாங்க சொல்லிக்கிறோம்னாரு.”

முருகானந்தம் தன் கைபேசியில் செல்வியை வீடியோவில் அழைத்தார். “காலைக் காட்டிராதீங்கண்ணே,” என்று பாண்டியன் மெதுவாகச் சொன்னார். முகம் மட்டும் தெரியும்படி முருகானந்தம் பிடித்துக்கொண்டார். புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று பேசினார்கள். பிறகு செல்வி சொன்னாள்:

“காலைக் காட்டுங்க.”

முருகானந்தம் பாண்டியனைப் பார்த்தார்.

“காட்டுங்கண்ணே. பாக்காம எனக்கு முடியாது.”

பாண்டியன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முருகானந்தம் காட்டினார். அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு நாங்கள் இருவரும் செய்தியாளர்கள் என்பதைச் சொன்னேன். எழுதினால் என்ன நடக்குமென்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன்.

பாண்டியன் நடந்ததைச் சொன்னார். சாரத்தின் பலகை ஆடுகிறது என்று காலையிலேயே சொல்லியிருக்கிறார்கள். முதலில் அந்தப் பக்கத்துப் பெயின்ட்டை முடி, பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது.

“நாளைக்குப் பத்திரிகைக்காரங்க சுத்திப் பாக்க வர்றாங்க, பஸ் நிக்கிற பக்கம் பளிச்சுன்னு இருக்கணும்னாங்கக்கா.”

முருகானந்தம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் பஸ் வந்து நிற்பதற்காக அடித்த பெயின்ட்.

“எழுதிக்கங்கக்கா,” என்றார் பாண்டியன். “பேரு மட்டும் வேணாம். திருப்பி அனுப்பிருவாங்க.”

கைபேசியிலிருந்து செல்வியின் குரல் வந்தது. “பேரைப் போடுங்கக்கா. பேரு இல்லாட்டி எவனுக்கோ அடிபட்டுச்சுன்னு படிச்சிட்டுப் போயிருவாங்க. அடிபட்டது இவருக்கு.”

பாண்டியன் கைபேசிப் பக்கம் திரும்பினார். “போடுங்க,” என்றார்.

கிளம்பும் நேரத்தில் நிறுவனத்தின் ஆள் ஒருவர் கையில் பழக்கூடையோடு வந்து, யார் நீங்கள் என்றார். என் செய்தியாளர் அட்டையைக் காட்டினேன். மீடியா இங்கே வரக்கூடாது என்றார். “எங்க ஊர்க்காரங்க. என்னைப் பாக்க வந்தாங்க,” என்றார் பாண்டியன்.

நிறுத்திவைக்கப்பட்ட கேள்வி

பிற்பகல் ஹோட்டலுக்குத் திரும்பினோம். முதல் பஸ்காரர்கள் எல்லார் மேசையிலும் நிறுவனம் கொடுத்த, குட்டி ஹெல்மெட் கோத்த சாவிக்கொத்து இருந்தது. செய்தி அறிக்கையை வைத்து ‘மனித நேயக் கோணத்தில்’ எழுதும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சிறப்பு விருந்தினர் நிறுவனத்தின் பேச்சாளர். நல்ல கோட்டு, நல்ல பல்.

எனக்கும் தமிழ் அறிக்கை வந்திருந்தது. ‘பாதிக்கப்பட்ட ஊழியர் நிலையான நிலையில் நிலைகொண்டுள்ளார். அவரது சிறு காயம் மகிழ்வுடன் கவனிக்கப்படுகிறது.’ இதைத்தான் மொழிபெயர்க்கக்கூட வேண்டாம் என்று ஷர்மிளா சொன்னாள்.

எழுந்தேன். “அந்தச் சிறு காயம் எந்த எலும்பில்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

நோயாளியின் அந்தரங்கம், அதனால் சொல்வதற்கில்லை என்றார் பேச்சாளர்.

“அவர் எங்களிடம் பேசச் சம்மதித்தார். அவர் மனைவியும் சம்மதித்தார். அவருடைய கைபேசி உங்கள் சூப்பர்வைசரிடம் இருக்கிறது. எப்போது கொடுப்பீர்கள்?”

பேச்சாளர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“ஆடுகிற பலகையில் ஏற்றிப் பெயின்ட் அடிக்கச் சொன்னது எங்கள் வருகைக்காகவா?”

பயிற்றுநர் எழுந்து வந்தார். அறையில் நல்ல ஆற்றல் இருக்கிறது என்றார். இந்தக் கேள்வியை இப்போதைக்கு நிறுத்திவைப்போம் என்று மஞ்சள் தாளை எடுத்தார்.

“அந்த பார்க்கிங் பலகைலேர்ந்து எப்ப எடுப்பாங்கன்னு கேளுங்க மேடம்,” என்றார் முருகானந்தம்.

கேட்டேன். கடைசி நாளில், நேரமிருந்தால் என்றார்.

வெளியே வந்தோம். ஷர்மிளா பின்னாலேயே ஓடிவந்தாள்.

“அக்கா, அவங்கதான் லா ஸ்பான்சர்.”

“தெரியும்மா.”

அவள் தாழ்வாரத்தின் இரு பக்கமும் பார்த்தாள். “அவருக்குப் போன் வேணும்னா என்கிட்ட பழசு ஒண்ணு இருக்கு. சிம் போட்டுத் தரட்டா?”

அன்று சாயங்காலமே அவள் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பயிலரங்கில் யாராவது ஏதாவது கற்றுக்கொண்டார்களென்றால் அவளாகத்தான் இருக்கும்.

எங்கள் இணையப் பக்கத்துக்கு அன்றே எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார். “பேரு போட்டிருக்க?”

“அவர் சம்சாரம் போடச் சொன்னாங்க.”

“அப்ப இருக்கட்டும்.”

முருகானந்தத்தின் நாளிதழ் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு போட்டது. மறுநாள் காலை பாசிர் ரிஸ் வீட்டில் நான் பல் தேய்ப்பதற்குள் ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். முந்தைய நாள் சந்திப்புக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள், பாண்டியனுக்கு ஸ்பெல்லிங் என்ன என்று என்னைக் கேட்டார்கள். மதியத்துக்குள் நிறுவனம் வேறோர் அறிக்கை விட்டது. அதில் சிறு காயம் காணாமல் போய்க் கடுமையான காயம் வந்திருந்தது. சூப்பர்வைசர் கைபேசியைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். அதிகாரிகள் தளத்தில் வேலையை நிறுத்தினார்கள்.

நிறைவு விழாவில் பயிற்றுநர் எங்கள் இருவரையும் மேடைக்கு அழைத்தார். அணுகல் பாடத்தின் நேரடி விளைவைப் பாருங்கள் என்று கைதட்டச் சொன்னார். கைதட்டினார்கள். ‘பார்க்கிங்’ பலகையைப் பார்த்தேன். தாள்களை எடுத்துவிட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள்.

நான் சான்றிதழை வாங்கவில்லை. முருகானந்தம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். ஊருக்குப் போய் அதை லேமினேட் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டாராம். ஆட்சியர் அலுவலகத்தில் அட்டை இல்லாத தாலுகா நிருபரை உள்ளே விடுவதில்லை. இப்போது அந்த ஆங்கிலத்தையும் தங்க முத்திரையையும் பார்த்துவிட்டு, படிக்காமலே விடுகிறார்களாம். அந்தப் பயிலரங்கு யாருக்காவது கதவு திறந்துவிட்டதென்றால் அது அந்த ஒருவருக்குத்தான்.

முன்வரிசை நாற்காலி

பாண்டியன் ஊன்றுகோலோடு ஊர் திரும்பினார். இழப்பீடு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. அவர் பாதுகாப்புப் பட்டையை மாட்டவில்லை என்று நிறுவனம் சொன்னது. மாட்டியிருந்தேன் என்று அவர் சொன்னார். பார்த்தவர் யாரும் முன்வரவில்லை.

சில மாதங்கள் கழித்து அதே நிறுவனம் ஒரு பாதுகாப்பு விழா நடத்தியது. முதல்முறையாக எங்களுக்கும் அழைப்பு வந்தது. முன்வரிசையில் என் பெயரைத் தப்பாக எழுதி ஒரு நாற்காலி. அதே பேச்சாளர் என்னிடம் வந்து, காபி குடித்தீர்களா என்று விசாரித்தார்.

மேடைக்குப் பின்னால் தொழிலாளர்களை இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் புது வெள்ளை ஹெல்மெட். படத்துக்கு நன்றாக இருக்கும் அல்லவா.

கேள்வி நேரத்தில் நான் கையைத் தூக்கியபடியே இருந்தேன். மைக் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எழுந்து நின்று மைக் இல்லாமலே ஆங்கிலத்தில் கேட்டேன், பாண்டியனின் இழப்பீட்டு வழக்கு எப்போது முடியும் என்று. பேச்சாளர் சிரித்தபடி, பிறகு தெரிவிப்போம் என்றார். அதே கேள்வியைத் தமிழில் இன்னும் உரக்கக் கேட்டேன்.

வெள்ளை ஹெல்மெட்களின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது.

“பெல்ட் போட்டுத்தான்கா இருந்தாரு. பெல்ட்டை மாட்டியிருந்த கம்பிதான் கழண்டுருச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

பேச்சாளருக்குப் புரியவில்லை. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று என் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். சொன்னேன். கேமராக்கள் மேடையை விட்டுவிட்டு வெள்ளை ஹெல்மெட் வரிசைக்குத் திரும்பின. அடுத்த தீபாவளிக்குள் பாண்டியனுக்கு இழப்பீடு கிடைத்து வழக்கு முடிந்தது.

பேசியவரின் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. அவர் இன்னும் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்.